நாங்கள் தேர்ந்தெடுத்த எதிரி

ஹெரன் ஃபால்ஸ்,
பிப்ரவரி 18

அன்புத் தங்கை சில்வியாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணி டோரிஸும் சுகம். உன் இருமல் விட்டதா? தொலைபேசியில் பேசினால் ஐந்தாவது நிமிடம் அரசியல் வந்துவிடுகிறது. ஆறாவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். இனிமேல் நீங்கள் இருவரும் கடிதம் மட்டும்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று டோரிஸ் உத்தரவு போட்டுவிட்டாள். நீ அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. காகிதத்தில் கத்த முடியாதல்லவா?

போன வாரம் சட்டமன்றத்தில் போதை மறுவாழ்வு நிலையத்துக்கான மசோதா வந்தது. நம் மாவட்டத்துக்குப் பதினாறு படுக்கைகள். என் கட்சியில் அத்தனை பேரும் எதிர்த்தார்கள். நான் ஒருவன் மட்டும் உன் கட்சிக்காரர்களோடு சேர்ந்து வாக்களித்தேன். ஒரே வாக்கில் நிறைவேறியது.

சனிக்கிழமை கட்சிக் கூட்டத்தில் அதற்குப் பலன் கிடைத்தது. ஜல்லிக் குவாரி வைத்திருக்கிற கிளின்ட் ராட்கே எழுந்து, "பன்னெண்டு வருஷமா நாம அனுப்புன ஆளு, அங்க போய் அவங்க மடியில உக்காந்துட்டாரு" என்றான். நாற்பது பேர் இருந்த அறையில் ஒருவரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன்.

ஏன் அப்படி வாக்களித்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். எரிக் டுலூத் துறைமுகத்தில் வேலை செய்கிறான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். நம் எரிக் அங்கே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான், சில்வியா. நவம்பரில் அவனைக் குளியலறைத் தரையில் நீலம் பாரித்த உதடுகளோடு கண்டெடுத்தேன். நான் பெற்ற பிள்ளை, இருபத்தாறு வயது. எனக்கும் டோரிஸுக்கும் இப்போது உனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
அண்ணன் ஆர்விட்

சிகாகோ,
மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

இருமல் போய்விட்டது, முதுகுவலி வந்திருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு ஊசி போட்டார்களா?

எரிக்கைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். அவனுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தது நான். அவன் மீண்டு வருவான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வாக்களித்திருப்பேன். ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாக உன் கட்சிக்காரன் ஒருவனை நினைத்துப் பெருமைப்படுகிறேன், இதை வெளியில் சொல்லிவிடாதே.

யார் அந்த ராட்கே? உன்னை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நிற்பானா? அந்தத் தேர்தலுக்கு உங்கள் பக்கம் எத்தனை பேர் வருவார்கள்? அவர்களுக்கு எதைச் சொன்னால் ரத்தம் கொதிக்கிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நான் வேலை பார்க்கும் கருத்துக்கணிப்பு அலுவலகத்துக்கு உன் மாவட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பயப்படாமல் எழுது.

உன் அன்புத் தங்கை,
சில்வியா

ஹெரன் ஃபால்ஸ்,
ஏப்ரல் 22

அன்புச் சில்வியாவுக்கு,

ஊசி போட்டும் டோரிஸ் நொண்டுகிறாள். ஏரியில் பனி இன்னும் உடையவில்லை.

ராட்கே மனு கொடுத்துவிட்டான். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் தொகுதியில் வாக்காளர்கள் நாற்பதாயிரம் பேர். ஆகஸ்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு வருகிறவர்கள் ஏழாயிரத்தைத் தாண்ட மாட்டார்கள். மீதிப் பேர் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் கோபக்காரன் ஒருவன்கூட அன்றைக்கு மீன் பிடிக்கப் போக மாட்டான். நவம்பரில் என்னை ஜெயிக்க வைக்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் நவம்பருக்கு நான் போய்ச் சேர வேண்டுமா என்று முடிவு செய்வது இந்த ஏழாயிரம்.

தலைமையிலிருந்து வந்த ஒரு ஆலோசகர், கொஞ்சம் கடுமையாகப் பேசுங்கள் என்றார். ஒரு கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். வேறொருவனின் பல்செட்டை மாட்டிக்கொண்டது போல இருந்தது. ராட்கேயின் ஆட்கள் சிரித்தார்கள்.

நேற்று லெஸ்டர் வந்தான். நாற்பது வருஷமாக என்னோடு வேட்டைக்கு வருகிறவன். எனக்கு ஆதரவாகத் தன் முற்றத்தில் நட்டிருந்த தேர்தல் பலகையைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தான். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல ஆர்விட். மருமகன் கேக்குறான், பக்கத்து வீட்டுக்காரன் கேக்குறான். நான் எத்தன பேருக்குப் பதில் சொல்றது?" என்றான். பலகையை வாங்கிக்கொண்டு, காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன். வண்டியை அணைக்காமலே வந்திருந்தான்.

எரிக் நூற்று ஐம்பது நாளாகப் போதையைத் தொடவில்லை. செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். நான் வேறு எதைத் தோற்றாலும் தாங்குவேன். அவன் விஷயம் வெளியே வந்தால் மட்டும் எங்கள் மூவரில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டோம் என்று டோரிஸ் சொல்கிறாள்.

அண்ணன்,
ஆர்விட்

சிகாகோ,
ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை, பயணம், மறுபடி வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் கட்சியில் மட்டும் தேவதைகள் இருக்கிறார்கள் என்று நினைக்காதே. நடுவில் நிற்கிறவனை இங்கேயும் கல்லால் அடித்துத்தான் துரத்துகிறார்கள். இந்த முறை சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த ஒரு இடத்துக்காக என்னைச் சுற்றியிருக்கிற இளம் பிள்ளைகள் தூங்குவதில்லை.

தோற்றால்தான் என்ன அண்ணா? அறுபத்திரண்டு வயதாகிறது. எரிக் வீட்டுக்கு வரும்போது நீ வீட்டில் இருந்தால் நல்லதுதானே? யோசித்துப் பார்.

சில்வியா

ஹெரன் ஃபால்ஸ்,
ஜூலை 15

அன்புச் சில்வியாவுக்கு,

நாங்கள் சுகம். கொசுதான் தாங்க முடியவில்லை. பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்துவிட்டார்கள். பதினாறு படுக்கையும் முதல் வாரமே நிரம்பிவிட்டது.

ஒரு விசித்திரம் நடக்கிறது. உன் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கேட்கிறேன். வாரத்துக்கு நான்கு முறை எங்கள் கட்சி வாக்காளர்களின் வீட்டுக்கு மட்டும் படம் போட்ட அட்டைகள் தபாலில் வருகின்றன. அனுப்புகிறவர் 'வடக்கு ஏரிக் குடும்பங்கள் குழு'. அப்படி ஒரு குழுவை இங்கே யாருக்கும் தெரியாது. அட்டையில், 'ராட்கே மிக ஆபத்தானவர். துப்பாக்கிக்கு ஒரு கட்டுப்பாடும் கூடாது என்கிறார். போதைக்காரர்களுக்குச் சிறையே போதும் என்கிறார். சொந்தக் கட்சித் தலைவர்களுக்கே அடங்காதவர்' என்று போட்டிருக்கிறது. பார்த்தால் திட்டு. ஆனால் எங்கள் ஆட்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கிறார்கள். "இதத்தான்யா நாங்க கேட்டோம்" என்கிறார்கள். ராட்கே தன் பங்குக்கு இன்னும் ஒரு படி ஏறிவிட்டான். நிலையத்தை இழுத்துப் பூட்டுவதுதான் முதல் வேலை என்று பேசுகிறான்.

அவனை இவ்வளவு செலவு செய்து திட்டுகிறவர்கள் யார்? அவனுடைய ஆட்களுக்கு இவ்வளவு மூளை கிடையாது. உனக்கு ஏதாவது தெரிகிறதா?

அண்ணன்,
ஆர்விட்

ஹெரன் ஃபால்ஸ்,
ஆகஸ்ட் 2

சில்வியா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று காலை வந்த அட்டையில் எரிக்கின் படம். பள்ளி ஹாக்கி அணியில் எடுத்தது. மற்றப் பையன்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் போட்டிருக்கிறார்கள். 'ஆர்விட் காங்கஸ் யாருக்காக வாக்களித்தார்? தன் வீட்டுப் போதைக்காரனுக்காக. உங்கள் வரியில்.' டுலூத், இல்லத்தின் பெயர், சேர்ந்த மாதம் எல்லாம் இருக்கிறது. ஏழாயிரம் வீட்டுக்கும் போயிருக்கிறது.

டோரிஸ் நேராகத் தேவாலயத்துச் சமையலறைக்குப் போய், பெட்டி லின்டின் சட்டையைப் பிடித்துவிட்டாள். முப்பது வருஷத் தோழி. கிறிஸ்துமஸின்போது டோரிஸ் அழுததைப் பார்த்த ஒரே ஆள் அவள்தானாம். பெட்டி, "எனக்கு எதுவுமே தெரியாது டோரிஸ், நீ சொல்லவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். டோரிஸ் நம்பவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

எரிக்குக்கு யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும். இப்போதே கிளம்புகிறேன். டுலூத்துக்கு இரண்டு மணி நேரம்.

யார் செய்திருப்பார்கள்?

ஆர்விட்

சிகாகோ,
ஆகஸ்ட் 8

அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. யார் என்று தேடாதே. தேடிக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? எரிக்கோடு இரு.

சில்வியா

சிகாகோ,
செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நல்லபடி வந்து சேர்ந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அண்ணி, உறைபெட்டியில் வைத்த மான்கறிக் குழம்பைச் சூடு பண்ணி இரண்டு வாயாவது போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்போதும் யாராவது இருந்ததால் உங்களோடு சரியாகப் பேச முடியவில்லை. தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றாய் என்று கேள்விப்பட்டபோது உன்னைக் கூப்பிட நினைத்தேன். மறுநாளே டோரிஸ் அண்ணி கூப்பிட்டு, எரிக் யாரிடமும் சொல்லாமல் இல்லத்திலிருந்து வெளியேறிவிட்டான் என்றார். அடுத்த நான்கு நாளும் நான் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். பக்கத்து ஊரான சுப்பீரியர் பேருந்து நிலையத்தில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள் என்றபோது நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன்.

அட்டையைப் பற்றிச் சொல்ல நீ டுலூத்துக்குப் போனபோது அவன் என்ன சொன்னான் என்று கல்லறையில் நீ எனக்குச் சொன்னது காதிலேயே இருக்கிறது. "இனிமே நம்ம ஊர்ல நான் எந்தக் கடைக்குப் போவேன்ப்பா?" என்று கேட்டானாம். அவ்வளவுதான் கேட்டானா?

சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் இல்லாமல் ஐந்து பேர்தான் இருந்தீர்கள். லெஸ்டர் வருவான் என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாய். ஆறாவது பிடியை நான் பிடித்தேன். கனமே இல்லை அண்ணா.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வந்தேன். சொல்ல முடியவில்லை. அப்புறம் எழுதுகிறேன்.

உன்,
சில்வியா

ஹெரன் ஃபால்ஸ்,
செப்டம்பர் 29

அன்புச் சில்வியாவுக்கு,

நீ வந்துபோனது எங்களுக்குப் பெரிய ஆறுதல். டோரிஸ் கொஞ்சம் சாப்பிடுகிறாள். நானும் உடம்பால் சுகம்தான். மரங்கள் சிவந்துவிட்டன.

ஒரு கவலை மட்டும் என்னை அரிக்கிறது. எரிக் போனான். அவன் பெயரைச் சொல்ல இந்த ஊரில் மிச்சம் இருப்பது அந்தப் பதினாறு படுக்கைதான். ராட்கே ஜெயித்தால் அதுவும் போய்விடும். உன் கட்சி வேட்பாளர் ஜோஆன் பெல்டியர் ஜெயிப்பாளா? நீ அந்தத் தொழிலில் இருப்பவள். ஒளிக்காமல் எழுது. நிம்மதியாக ஒரு நாள் தூங்க வேண்டும்.

உன் அன்பு அண்ணன்,
ஆர்விட்

சிகாகோ,
அக்டோபர் 6

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. நீ நன்றாகத் தூங்கலாம். ராட்கே ஜெயிக்க வழியே இல்லை. கருத்துக்கணிப்பில் பெல்டியர் ஒன்பது சதவீதம் முன்னால் இருக்கிறாள்.

உன்னிடம் ஒளிக்க எனக்கு இனிமேல் தெம்பில்லை. ராட்கே ஜெயிக்க முடியாதவன் என்பதால்தான் என் கட்சிக்காக வேலை செய்யும் எங்கள் அலுவலகத்தில் அவனை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். நவம்பரில் நீ நின்றிருந்தால் உன்னை அசைத்திருக்க முடியாது. உன் மாவட்டத்தில் எங்கள் ஆட்களே உனக்கு வாக்களிக்கிறார்கள். அதனால் ஆகஸ்டில் உங்கள் கட்சிக்காரர்களைக் கொண்டே உன்னை எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் எதைத் தட்டில் போட்டாலும் தின்பவர்கள், அண்ணா. அவனைத் திட்டி அனுப்பினால் அவனைத் தூக்கிக் கொண்டாடுவார்கள் என்று முன்பே தெரியும். அந்த அட்டைகள் எங்களுடையவை. எல்லா அட்டையையும் நான் எழுதவில்லை என்பதை மட்டும் நம்பு.

கோபப்படுவாய். ஆனால் நவம்பரில் பெல்டியர் ஜெயிப்பாள், நிலையம் பிழைக்கும். நீ ஆசைப்பட்டதுதான் கடைசியில் நடக்கப்போகிறது. அப்போது நேரில் வந்து உன் காலடியில் உட்கார்ந்து மற்றதெல்லாம் சொல்கிறேன்.

உன் தங்கை,
சில்வியா

சிகாகோ,
நவம்பர் 10

அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

என் கடிதத்தை என் கையெழுத்தோடேயே அச்சடித்து நாற்பதாயிரம் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். 'எதைத் தட்டில் போட்டாலும் தின்பவர்கள்' என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு. அந்த அட்டையை என் மேலதிகாரி என் மேசையில் வைத்துவிட்டு, வெளியே போகச் சொன்னார். பதினெட்டு வருஷ வேலை. அதை விடு.

ராட்கே அறுநூற்று நாற்பது வாக்கில் ஜெயித்துவிட்டான். அந்த ஓரிடத்தால் சட்டமன்றமே உங்கள் கட்சியின் கைக்குப் போய்விட்டது. மீன் பிடிக்கப் போகிறவர்கள் என்று நீ சொன்னாயே, அவர்களும் வந்து அவனுக்கு வாக்களித்திருக்கிறார்கள்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் ஒரு கூட்டம். ராட்கே இன்னும் முந்நூறு வாக்கு பின்னால் இருக்கிறான், என்ன செய்யலாம் என்றார்கள். நான் சொன்னேன். "அவருக்கு ஒரு மகன் இருக்கான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவர்கள் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். தேர்தல் முடிந்ததும் ஊர் மறந்துவிடும் என்று நினைத்தேன். அவன் தாங்குவான் என்று நினைத்தேன்.

உனக்கு என்மேல் பழி தீர்க்க வேண்டுமென்றால் என்னைக் கொன்றிருக்கலாம். அவனிடமா போனாய்? எரிக்கைச் சிறையில் போட வேண்டும் என்றவனிடமா?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சில்வியா

ஹெரன் ஃபால்ஸ்,
ஜனவரி 23

சில்வியாவுக்கு,

உன் கடிதங்கள் நான்கு வந்திருக்கின்றன. ஒன்றுக்குத்தான் பதில்.

எனக்குச் செப்டம்பர் இருபதாம் தேதியே தெரியும். அட்டைகளை அனுப்பிய அந்தக் குழு அரசுக்குக் கொடுத்த செலவு அறிக்கையை மாவட்ட எழுத்தர் கொண்டுவந்து காட்டினாள். அட்டை தயாரித்தவர்கள் என்ற இடத்தில் உன் அலுவலகத்தின் பெயர் இருந்தது. எரிக் விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. ஒன்பது நாள் கழித்து உனக்கு அன்பாக ஒரு கடிதம் எழுதினேன். நீ எழுதுவாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே யாராவது உன்னை மன்னித்தது போலத் தெரிந்தால் உன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

உன் பதிலை எடுத்துக்கொண்டு ராட்கேயின் குவாரிக்குப் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. இரண்டு முறை படித்தான். "உமக்கு என்ன வேணும்?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். "உம்ம பையன் விஷயத்த நாங்க கிளப்பலன்னு ஊருக்குச் சொல்லணும்" என்றான். சொன்னேன். ஏழு கூட்டத்தில் அவன் பக்கத்தில் நின்று சொன்னேன். அவன் நிலையத்தை மூடுவேன் என்று பேசும்போதும் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு லெஸ்டர் வந்து கையைக் கொடுத்தான். பிடித்துக் குலுக்கினேன்.

உன் கட்சியை ஜெயிக்க விடக்கூடாது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய்.

டோரிஸ் டிசம்பரில் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் பெட்டி லின்டின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கக் கதவைத் தட்டினாளாம். உள்ளே விளக்கு எரிந்ததாம். கதவு திறக்கவில்லை. நீ செய்ததைவிட நான் செய்தது பெரிது என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

திங்கட்கிழமை நிலையத்தை மூடும் மசோதா ஒரே வாக்கில் நிறைவேறியது. நேற்று மதியம் ராட்கே நகர மன்றத்தில் நன்றிக் கூட்டம் வைத்தான். கூப்பிட்டார்கள், போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பின்னால் அந்தப் பதினாறு பேரில் சிலரின் வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். டினா ஓஸ்டர் என்று ஒரு பெண். அவளுடைய மகளுக்குப் பத்தொன்பது வயது, வெள்ளிக்கிழமைக்குள் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். அவள் ராட்கேயிடம் கேட்கவில்லை. வழியை மறித்து என்னிடம்தான் கேட்டாள். "என் பொண்ண நான் எங்க கூட்டிட்டுப் போறது, ஆர்விட்? நீங்கதானே சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மேடையிலிருந்து ராட்கே என் பெயரைச் சொன்னான். இந்த வெற்றி யாரால் வந்தது என்று உங்களுக்குத் தெரியும், அந்த மனிதர் எழுந்து நிற்கட்டும் என்றான். கூட்டம் முழுவதும் எழுந்து கைதட்டியது. என்னைத் தோற்கடித்த அதே ஏழாயிரத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் அப்படித் தட்டியதில்லை. டினா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

அவளுடைய விரல்களை எடுத்துவிட்டு, நான் அவர்கள் பக்கம் திரும்பிக் கையசைத்தேன்.

இனிமேல் எழுத வேண்டாம்.

ஆர்விட் காங்கஸ்